‘இவருக்கு நடிக்கத் தெரியாது’ என்று சொல்வதற்கு முன்

(சென்ற மாதம் நம் சமுதாயக் கூடத்தில் நடந்த ஞாயிறு மாலைச் சந்திப்பில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மைக்கைக் கையில் கொடுக்கும்போதே செயலாளர் இரண்டு நிபந்தனைகள் போட்டார். ஒன்று, பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. இரண்டு, ஏழரை மணிக்குள் முடித்துவிட வேண்டும். இரண்டுக்கும் கட்டுப்படுகிறேன். அதனால் சினிமாவைப் பற்றிப் பேசுகிறேன். அதில் யாருக்கும் பாக்கி இல்லை.

போன மாதம் மொட்டை மாடியில் திரை கட்டி ‘கரகாட்டக்காரன்’ போட்டோம். நல்ல கூட்டம். கவுண்டமணியும் செந்திலும் வந்தபோது எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். அது சிரிக்க வேண்டிய இடம். ஆனால் ராமராஜன் வந்தபோதெல்லாம் சிரித்தோமே, அது வேறு சிரிப்பு. சட்டையின் கலரைப் பார்த்து ஒரு சிரிப்பு, நடையைப் பார்த்து ஒரு சிரிப்பு, அவர் காதலைச் சொல்லும்போது இன்னொரு சிரிப்பு. “இவருக்கெல்லாம் எப்படிய்யா படம் ஓடிச்சு?” என்று ஒருவர் கேட்டார். பெயர் சொல்ல மாட்டேன், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். “முகத்துல ஒரு எக்ஸ்பிரஷன் வருதா பாருங்க” என்றார் பக்கத்தில் இருந்தவர். அந்தப் பக்கத்தில் இருந்தவர் நான்தான்.

அப்போது பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று படம் பார்த்துக்கொண்டிருந்த நம் ஹவுஸ்கீப்பிங் பெண்கள் இரண்டு பேர் மெல்ல இறங்கிப் போனார்கள். அவர்களுக்கு வேலை இருந்திருக்கலாம், கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்திருக்கலாம். ஆனால் அதுவரை அவர்கள் சிரிக்காமல், கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்திருந்தேன். நாம் சிரித்த பிறகுதான் போனார்கள். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதன் விளைவுதான் இன்றைய பேச்சு.

‘நடிக்கத் தெரியாதவர்கள்’ என்று நாம் தள்ளிவைத்த சில நடிகர்களுக்காகக் கொஞ்சம் வாதாடப் போகிறேன். நான் வக்கீல் இல்லை. நாற்பது வருஷம் எதிர்த்தரப்பில் இருந்தவன் என்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே தகுதி.

முதலில் ஒரு கேள்வி. நடிப்பு என்றால் இன்னதுதான் என்ற அளவுகோல் நமக்கு எங்கிருந்து வந்தது?

என் தலைமுறைக்கும் எனக்கு மூத்த தலைமுறைக்கும் அது சிவாஜி கணேசனிடமிருந்து வந்தது. 1952இல் ‘பராசக்தி’ வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் நடிப்பு என்றால் நீண்ட வசனம், ஏற்ற இறக்கம், துடிக்கும் கன்னம், கலங்கும் கண் என்று ஆகிப்போனது. அவர் மகா கலைஞர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு மகா கலைஞரின் சட்டையை எடுத்துவந்து ஊரில் உள்ள எல்லோருக்கும் போட்டுப் பார்த்தோம். பொருந்தாதவர்களையெல்லாம் ‘நடிக்கத் தெரியாது’ என்று சொல்லிவிட்டோம்.

அப்புறம் காலம் மாறியது, அளவுகோலும் மாறியது. ‘இயல்பான நடிப்பு’ என்ற புதுச் சொல் வந்தது. உடனே அதே சிவாஜியைப் பார்த்து ‘ஓவர் ஆக்டிங்’ என்று சொல்ல ஆரம்பித்தோம். 1985இல் ‘முதல் மரியாதை’ வந்தது. அதே மனிதர், குரலைத் தாழ்த்தி, முகத்தை அடக்கி நடித்தார். நாம் வாயடைத்துப் போனோம். அவருக்குத் தேசிய விருதில் சிறந்த நடிகர் பட்டம் கடைசிவரை கிடைக்கவே இல்லை. நடிக்கத் தெரியாது என்று படித்தவர்கள் பலர் சொல்லிக்கொண்டிருந்த எம்.ஜி.ஆருக்கு 1971இல் வந்த ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்காக அது கிடைத்தது. யாருக்குக் கிடைத்தது சரி, யாருக்குக் கிடைக்காதது தவறு என்று இங்கே பட்டிமன்றம் வைக்கவில்லை. அளவுகோல் ஒன்றும் கல்லில் செதுக்கியது இல்லை, அது கைக்குக் கை மாறுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

எம்.ஜி.ஆர். என்றதும் என்ன கிண்டல் செய்வோம்? அழ வேண்டிய இடத்தில் முகத்தைக் கையால் மூடிக்கொள்வார் என்போம். சரி, அவர் அழுவதில் கெட்டிக்காரர் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். வாள் சண்டையில் அவர் காலடி வைக்கும் அழகைப் பாருங்கள். உடம்பால் நடிப்பதும் நடிப்புதானே? கதகளியும் தெருக்கூத்தும் உள்ள தென்னாட்டில் இதைச் சொல்லித் தெரிய வேண்டுமா? 1967 ஜனவரியில் கழுத்தில் குண்டு பாய்ந்து அவர் குரல் சிதைந்தது. நடிகனுக்குக் குரல் போவது தச்சனுக்குக் கை போவது மாதிரி. அவர் சிதைந்த குரலோடே அதற்குப் பிறகும் பத்து வருஷம் கதாநாயகனாக நடித்தார். ஜனங்கள் அந்தக் குரலையும் ஏற்றுக்கொண்டார்கள். முகபாவம் மட்டுமே நடிப்பு என்று நினைத்தால் இது நமக்குப் புரியாது.

அடுத்து ஜெமினி கணேசன். அவருக்கு நாம் வைத்த பெயர் ‘சாம்பார்’. இதில் எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. சாம்பாரை என்றைக்காவது நாம் குறைத்துப் பேசியிருக்கிறோமா? நம் குடியிருப்பில் பாதி வீட்டில் அது இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை ஓடுமா?

ஜெமினியின் படங்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். ‘மிஸ்ஸியம்மா’, ‘கல்யாணப் பரிசு’, ‘களத்தூர் கண்ணம்மா’, ‘கற்பகம்’, ‘இரு கோடுகள்’. இவற்றில் ஒரு ஒற்றுமை இருக்கிறது. எல்லாவற்றிலும் பெண்களுக்குப் பெரிய பாத்திரங்கள். சாவித்திரி, சரோஜாதேவி, கே.ஆர். விஜயா, சௌகார் ஜானகி எல்லோரும் பெயர் வாங்கிய படங்கள். ‘இரு கோடுக’ளில் அவர் சாதாரண குமாஸ்தா. பிரிந்துபோன முதல் மனைவி கலெக்டராகி அவர் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கே வந்து உட்காருகிறார். வீட்டில் இரண்டாவது மனைவி. நடுவில் இவர் அல்லாட வேண்டும், கூச வேண்டும், பயப்பட வேண்டும். அன்றைய கதாநாயகர்களில் எத்தனை பேர் அப்படி ஒரு சின்ன மனிதனாகத் திரையில் நிற்கச் சம்மதித்திருப்பார்கள்?

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒருவர் செஞ்சுரி அடிக்கும்போது மறுமுனையில் ஒருவர் விக்கெட்டை விடாமல் நின்று, ஒரு ரன் எடுத்து, அடிப்பவரிடமே பந்தைத் திருப்பிக்கொடுத்துக்கொண்டிருப்பார். அடுத்த நாள் பேப்பரில் அவர் படம் வராது. ஆனால் அவர் அவுட்டாகியிருந்தால் செஞ்சுரியே இல்லை. எதிரில் இருப்பவர் பேசும்போது உண்மையாகவே கேட்பது நடிப்பில் பாதி. ஜெமினிக்கு அது கைவந்த கலை. ‘கல்யாணப் பரிசு’ கடைசியில் தாயில்லாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு பழைய காதலியின் கல்யாண வீட்டுக்கு வந்து, அந்தக் குழந்தையையே பரிசாகக் கொடுத்துவிட்டு நடந்து போகிறாரே, அங்கே அவர் கத்தியிருந்தால் படமே கெட்டிருக்கும்.

முடியாததால்தான் அப்படி அடக்கி நடித்தார் என்று யாராவது சொன்னால், 1974இல் அவரே தயாரித்த ‘நான் அவனில்லை’ படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பல வேஷங்கள் போட்டு ஊரை ஏமாற்றும் ஒருவனாக வருவார். 1988இல் ‘உன்னால் முடியும் தம்பி’யில் பிடிவாதக்காரச் சங்கீத வித்வானாக வருவதையும் பாருங்கள். அந்த வித்வானும் ‘கல்யாணப் பரிசு’ பாஸ்கரும் ஒரே ஆள் என்று யாராவது சொல்ல வேண்டும், அப்போதுதான் ஞாபகம் வரும்.

இப்போது கொஞ்சம் தூரமாக ரஷ்யாவுக்குப் போய்விட்டு வருவோம். நூறு வருஷத்துக்கு முன்னால் லெவ் குலெஷோவ் என்று ஒரு இயக்குநர் இருந்தார். அவர் ஒரு சோதனை செய்தார். மொஸ்ஜுகின் என்ற நடிகரின் முகத்தை, பெரிதாக எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரே ஷாட்டை எடுத்துக்கொண்டார். அதை ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்தில் வெட்டி ஒட்டினார். அதே ஷாட்டை ஒரு சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினார். அதையே ஒரு பெண்ணுக்குப் பக்கத்திலும் ஒட்டினார். பார்த்தவர்கள், ‘ஆகா, என்ன பசி, என்ன சோகம், என்ன ஆசை!’ என்று நடிகரைப் பாராட்டினார்கள் என்று சொல்வார்கள். முகம் ஒன்றுதான். மாறியது பக்கத்தில் இருந்த படம்.

சினிமாவில் நாம் ‘நடிப்பு’ என்று பார்ப்பதில் எடிட்டர், கேமராமேன், இசையமைப்பாளர் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது என்பதற்கு இதை உதாரணமாகச் சொல்வார்கள். நான் இதையே திருப்பிப் போட்டுக் கேட்கிறேன். நல்ல படத்தில் எல்லோருடைய உழைப்பும் சேர்ந்து நடிகருக்குப் புகழ் வருகிறது என்றால், மோசமான படத்தில் எல்லோருடைய பிழையும் சேர்ந்து அவர் தலையில்தானே விழும்? கதை சரியில்லை, வசனம் சரியில்லை, எடிட்டிங் சரியில்லை. ஆனால் திரையில் தெரியும் முகம் ஒன்றுதான். நாம் அந்த முகத்தைத் திட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

இந்தக் கணக்கில் ரொம்பவும் அடிபட்டவர் மோகன். ‘மைக் மோகன்’ என்றோம். பாடியது எஸ்.பி.பி., இசை இளையராஜா, பேசிய குரல் எஸ்.என். சுரேந்தர். “இதில் மோகன் என்னய்யா செய்தார்?” என்று கேட்போம். நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

என்ன செய்தார் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஷூட்டிங்கில் நாக்ராவில் பாட்டு ஓடும். சுற்றி நூறு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். லைட் சூடு. இன்னொருவர் ஏற்கெனவே பாடி முடித்த பாட்டுக்கு, அவர் எங்கே மூச்சு எடுத்தாரோ அங்கே மூச்சு எடுத்து, எங்கே குழைந்தாரோ அங்கே தொண்டை குழைந்து, அந்தப் பாட்டு இந்த உடம்பிலிருந்துதான் வருகிறது என்று நம்மை நம்பவைக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் கரோக்கி போட்டு நாம் வாயசைக்கும் வீடியோவைப் பாருங்கள், அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ‘பயணங்கள் முடிவதில்லை’ பாட்டுகளைக் கேட்டால் இன்றைக்கும் நமக்கு எஸ்.பி.பி. முகம் வருகிறதா, மோகன் முகம் வருகிறதா?

அவர் பாட்டுக்கு மட்டும் ஆள் இல்லை. 1984இல் நல்ல மார்க்கெட்டில் இருக்கும்போதே ‘விதி’யில் ஒரு பெண்ணை ஏமாற்றிக் கைவிடும் பணக்காரப் பையனாக நடித்தார். அதே வருஷம் ‘நூறாவது நாள்’ படத்தில் மனைவியே கொலைகாரனோ என்று சந்தேகப்படும் கணவன். 1986இல் ‘மௌன ராகம்’. அந்தப் படம் என்றால் நாம் முதலில் கார்த்திக்கைச் சொல்வோம். வந்த கொஞ்ச நேரத்தில் கொள்ளை கொண்டு போய்விடுவார். ஆனால் படத்தைக் கடைசிவரை சுமப்பது மோகன். நீ தொட்டால் கம்பளிப்பூச்சி ஊர்வது போல இருக்கிறது என்று மனைவி சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கோபப்பட்டால் வில்லன் ஆகிவிடுவார், அழுதால் பரிதாபம் ஆகிவிடும். இரண்டும் இல்லாமல், காயம் பட்டது மட்டும் நமக்குத் தெரிய வேண்டும். தெரிகிறது. அதை ‘முகத்தில் ஒன்றும் வரவில்லை’ என்று எழுதியவர்களில் நானும் ஒருவன், கல்லூரிப் பத்திரிகையில்.

இங்கே ஒரு சொந்த விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். என் அக்கா மோகன் ரசிகை. ஒரு நாற்பது பக்க நோட்டில் அவர் படப் பாட்டுகளையெல்லாம் கைப்பட எழுதிவைத்திருந்தாள். நான் கல்லூரியில் ஃபிலிம் சொசைட்டி உறுப்பினர். சத்யஜித் ராயும் குரோசாவாவும் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் அக்காவைக் கிண்டல் செய்வேன். ரேடியோவில் பாட்டு வந்தால் கரண்டியை மைக் மாதிரிப் பிடித்து ஆடிக் காட்டுவேன். அம்மாகூடச் சிரிப்பார். கொஞ்ச நாளில் அக்கா என் முன்னால் சினிமாவே பேசாமல் ஆகிவிட்டாள். அவளுக்குச் சினிமா ஆசை விட்டுப்போயிற்று என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

மொட்டை மாடிச் சம்பவத்துக்கு மறுநாள் அக்காவுக்குப் போன் போட்டேன். “அக்கா, அந்தப் பாட்டு நோட்டு என்ன ஆச்சு?” என்றேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், “இருக்குடா, பீரோவுல. நீ காலேஜுக்குப் போனப்புறம்தான் எடுப்பேன். நீ வர்ற சைக்கிள் சத்தம் கேட்டா உள்ள வெச்சிருவேன்” என்று சிரித்தாள். அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொந்த வீட்டில், தனக்குப் பிடித்த பாட்டை ஒரு பெண் தம்பிக்குப் பயந்து ஒளித்துவைத்திருக்கிறாள். நான் ஒரு நடிகரைத்தான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தேன். மோகனுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் எங்கள் வீட்டுக்குத்தான்.

அதனால்தான் மறுபடி ராமராஜனுக்கு வருகிறேன். அவர் மேலூரில் சினிமா தியேட்டரில் வேலை பார்த்தவர். உதவி இயக்குநராக இருந்து, படங்களை இயக்கி, அப்புறம் கதாநாயகன் ஆனவர். 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. கவுண்டமணி காமெடி, இளையராஜா பாட்டு, கங்கை அமரன் இயக்கம் எல்லாம் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அத்தனையும் சுற்றிவரும் நடுக்கம்பம் அவர். கோயில் திருவிழாவில் ஆடிப் பிழைக்கும் ஒருவன் திரையில் வந்து நின்றபோது, ‘இவன் நம்ம ஊர்ப் பையன்’ என்று லட்சக்கணக்கானவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை எந்த நடிப்புப் பள்ளியிலும் சொல்லித்தர முடியாது. நாம் சிரித்த அந்தக் கலர் சட்டை, ஊர்ப் பக்கம் திருவிழாவுக்கு எடுக்கும் சட்டைதான். நம்மில் பலர் அதைப் போட்டுக்கொண்டுதான் மெட்ராஸுக்கு ரயில் ஏறினோம். இங்கே வந்து கழற்றிவிட்டோம்.

ஆகவே எனக்கு ஒரு சந்தேகம். ‘இவருக்கு நடிக்கத் தெரியாது’ என்று நாம் சொல்லும்போது, பல சமயம் நாம் சொல்ல வருவது ‘இவர் நம்ம ஆள் இல்லை’ என்பதுதானோ? அல்லது, ‘நான் இப்போது அந்த ஆள் இல்லை’ என்பதோ?

விஜயகாந்தையும் சொல்லாமல் விட முடியாது. ஆரம்பத்தில் அவர் நிறத்தைக் கிண்டல் செய்தோம், பிறகு சுவரில் காலை வைத்து அடிக்கும் சண்டையைக் கிண்டல் செய்தோம். ‘வைதேகி காத்திருந்தா’ளில் ஊருக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கும் வெள்ளைச்சாமியையும், ‘சின்னக் கவுண்ட’ரையும் மறந்துவிட்டு. அப்புறம் அவர் உடம்பு முடியாமல் பேச்சு குழறியபோது அதையும் மீம் போட்டோம். நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவிலேயே வந்தது, நாமே சிரிக்கும் பொம்மை போட்டோம். 2023 டிசம்பர் 28ஆம் தேதி அவர் இறந்த அன்று, அதே குழுவில் அதே விரல்களால் கண்ணீர் பொம்மை போட்டோம். கட்சி, அரசியல் எல்லாம் தனி. நோயாளியின் பேச்சைப் பார்த்துச் சிரித்தது தனி. அதற்கு நான் வெட்கப்படுகிறேன்.

இப்போது ஒருவர் கேட்கலாம்: “அப்படியென்றால் மோசமான நடிப்பு என்று ஒன்றே கிடையாதா? எல்லோரும் நல்லவர் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானா?” இல்லை. மோசமான நடிப்பு இருக்கிறது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒரே சிரிப்பையும் ஒரே நடையையும் இருபது வருஷம் விற்பவர்கள் இருக்கிறார்கள். தாராளமாக விமர்சிக்கலாம். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவருக்கு அந்த உரிமை உண்டு.

நான் கேட்பது இவ்வளவுதான். தீர்ப்பு சொல்வதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வோம். இந்தப் படம் இவரிடம் என்ன கேட்டது, அதை இவர் கொடுத்தாரா? ‘இரு கோடுகள்’ குமாஸ்தாவிடம் கட்டபொம்மன் வசனத்தை எதிர்பார்ப்பது நம் தப்பு. இரண்டாவது, நான் திட்டுவது நடிகரையா, கதையையா? மூன்றாவது, இவரை விரும்புகிறவர்கள் எதைப் பார்த்து விரும்புகிறார்கள்? அதைக் கேட்காமலேயே அவர்களை முட்டாள் என்று சொல்கிறேனா? மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, அதன் பிறகும் ‘நடிப்பு சரியில்லை’ என்று தோன்றினால் தாராளமாகச் சொல்லலாம். அது விமர்சனம். அதற்கு முன் சொல்வது வெறும் வம்பு.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துவிடுகிறேன். சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். அடுத்த மாதம் மொட்டை மாடியில் ‘மௌன ராகம்’ போடலாம். என் அக்கா ஊரிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள், நோட்டோடு. இரண்டாவது, ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ஊழியர்களுக்கு நேரம் ஒத்துவருகிறதா என்று முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டுத் தேதி வைப்போம். தண்ணீர்த் தொட்டி ஓரம் நிற்க வேண்டாம், அவர்களுக்கும் நாற்காலி போடுவோம். நாற்காலி தூக்க நான் வருகிறேன்.

படம் முடியும்வரை யாரும் கிண்டல் செய்ய வேண்டாம். முடிந்த பிறகு டீ குடித்துக்கொண்டே சண்டை போடலாம். அதில் நான்தான் முதல் ஆளாக இருப்பேன்.